கை எலும்பை அளந்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா?

ஜூலை 6, இரவு 9.15 (கேள்வி)

1937-ல் உலகைச் சுற்றிப் பறக்கும்போது பசிபிக் கடலில் காணாமல் போன அமெரிக்கப் பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். 1940-ல் பசிபிக் தீவு ஒன்றில் எலும்புகள் கிடைத்தனவாம். அளந்து பார்த்த டாக்டர் "ஆண்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். இப்போது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் 99 சதவீதம் அது அமீலியாதான் என்று வந்துவிட்டதாம். கை எலும்பு கையில் இருந்தும் ஆணா பெண்ணா என்று தெரியாதவர் என்ன டாக்டர்? அனாட்டமி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு 11.02

அந்த 99-க்கு நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் கிடையாது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த டாக்டர்.

பெயர் ஹூட்லெஸ். ஃபிஜியின் சுவாவில் இருந்த மத்திய மருத்துவப் பள்ளியின் முதல்வர். எலும்பு கிடைத்த இடம் அப்போது கார்ட்னர் தீவு, இப்போது நிக்குமரோரோ, கிரிபாட்டி நாட்டில் இருக்கிறது. அங்கே குடியேற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெரால்ட் கல்லகர் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரிதான் 1940 செப்டம்பரில் தந்தி அடித்தார்: எலும்புகள், ஒரு செருப்பின் அடிப்பகுதி, ஒரு பாட்டில், செக்ஸ்டன்ட் (கடலில் இருக்குமிடம் கணிக்கும் கருவி) வைக்கும் மரப்பெட்டி எல்லாம் கிடைத்திருக்கின்றன, ஒருவேளை இயர்ஹார்ட்டாக இருக்கலாம் என்று. அந்த அம்மா நியூ கினியின் லேயிலிருந்து கிளம்பியது 1937 ஜூலை 2. ஆக மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. சந்தேகம் வந்தது நியாயம்தான்.

எலும்புகளை அந்தத் தீவிலேயே வெட்டிய கனாவா மரத்தில் பெட்டி செய்து அனுப்பினார் கல்லகர். ஹூட்லெஸ் 1941 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகு எலும்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. நம்மிடம் இருப்பது அந்த அறிக்கையின் காகிதம் மட்டும். அதுவும் 1990-களின் கடைசியில்தான் ஆவணக் கிடங்குகளிலிருந்து வெளியே வந்தது.

ஆகவே கம்ப்யூட்டரில் போட்டது எலும்பை அல்ல. ஹூட்லெஸ் எழுதிவைத்த மூன்று எண்களை.

ஜூலை 6, இரவு 11.20

எண்கள் கேட்பீர்கள். இடது மேற்கை எலும்பு, அதாவது ஹியூமரஸ், 32.4 செ.மீ. வலது ரேடியஸ், முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் எலும்பு, 24.5 செ.மீ. வலது டிபியா, முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு, 37.2 செ.மீ.

மொத்தம் 13 எலும்புகள்: மண்டையோடு, கீழ்த்தாடை, தோள்பட்டைத் துண்டு, ஒரு முதுகெலும்பு, ஒரு விலா எலும்புத் துண்டு, இடுப்பின் வலது பாதி, தொடை எலும்பு இரண்டு, இன்னும் சில. கை என்று எடுத்தால் அந்த இரண்டுதான். உள்ளங்கை எலும்பு ஒன்றுகூட இல்லை, முன்கையின் இன்னொரு எலும்பான அல்னாவும் இல்லை.

ஜூலை 7, காலை 6.50

கேள்வியின் தலைப்புக்கு வருகிறேன். முடியும், ஆனால் நீளத்தை வைத்து அல்ல.

நான் அனாட்டமி துறையில் எலும்பு அறைக்குப் பொறுப்பாக இருந்தவன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அட்டைப் பெட்டியிலோ சாக்கிலோ எலும்பு வரும். தடயவியல் பிரிவுக்காரர்கள் "கொஞ்சம் பாருங்க சார்" என்று நம்மிடம் தள்ளுவார்கள். மனித எலும்பா, எத்தனை பேருடையது, ஆணா பெண்ணா, வயது, உயரம் என்று ஃபாரத்தில் வரிசையாகக் கேள்வி இருக்கும். பாதி நேரம் முதல் கேள்வியிலேயே கதை முடிந்துவிடும், ஆட்டெலும்பு.

மீதி நேரத்தில் எனக்கு வேண்டியது எலும்பின் முனைகள். ஹியூமரஸின் மேல்முனையில், தோள்குழியில் உட்காரும் உருண்டை இருக்கிறதல்லவா, அதன் செங்குத்து விட்டம். அமெரிக்க எலும்புகளை வைத்து ஸ்டூவர்ட் என்பவர் 1979-ல் சொன்ன கணக்கு: 43 மி.மீ.-க்குக் கீழ் பெண், 47-க்கு மேல் ஆண், இடைப்பட்டது தெரியாது. ரேடியஸின் தலைக்கும் அதுபோல் ஒன்று உண்டு: 21 மி.மீ. வரை பெண், 24-லிருந்து ஆண், 22-ம் 23-ம் நடுவில் தொங்கும். முழங்கைப் பக்கம் இரண்டு புடைப்புகளுக்கும் இடையிலான அகலமும் நன்றாகப் பேசும்.

நீளம் ஏன் பேசாது? உயரமான பெண்ணும் குட்டையான ஆணும் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்க வெள்ளையர்களில் ஹியூமரஸின் சராசரி ஆணுக்கு சுமார் 33, பெண்ணுக்கு சுமார் 30.5 செ.மீ. நம் 32.4 ஆண் சராசரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் இயர்ஹார்ட் ஐந்தடி ஏழு, எட்டு அங்குலம் இருந்த பெண். அப்படிப்பட்டவருக்கு 32.4 இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மூட்டு முனைகள் உடம்பின் எடை, தசை, பருவ வயதில் எலும்பு எவ்வளவு நாள் வளர்ந்தது என்பதையெல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. ஆண்களுக்கு அந்த வளர்ச்சி தாமதமாக நிற்கிறது. முனை தடிமனாவது அதனால்தான்.

ஜூலை 7, காலை 7.05

குழந்தை எலும்பு பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். பருவம் அடையாத எலும்பில் இந்த வித்தை எதுவும் செல்லாது. அளந்தாலும் அளக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஜூலை 7, இரவு 10.30

"43, 47 என்று கோடு போட்டால் அளக்க வேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம்" என்று கேட்டவருக்கு.

வந்து அளந்து பாருங்கள். உருண்டையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே முதல் தகராறு. புதிய எலும்பில் குருத்தெலும்பு ஒட்டியிருந்த வழுவழுப்பு நிற்கும் இடம் தெளிவாகத் தெரியும். பழையதில் அந்த விளிம்பு தேய்ந்து கடற்பஞ்சு மாதிரி பொத்தல் தெரிய ஆரம்பித்திருக்கும். மண்ணில் கிடந்ததென்றால் எலி கொறித்த பல்வரிசை சரியாக அந்த விளிம்பில்தான் இருக்கும். வெர்னியர் காலிப்பரின் தாடையை எங்கே வைப்பது? ஒருவர் 44.1 என்பார், இன்னொருவர் 45.3 என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கல்லூரி எலும்புகளில் வேறு தொல்லை. சீனியர்களிடமிருந்து ஜூனியர்கள் வாங்கும் போன் செட்டை, அதாவது படிப்பதற்கான எலும்புத் தொகுப்பைப் பார்த்திருப்பீர்கள். தசை தொடங்கும் இடம் சிவப்பு, முடியும் இடம் நீலம் என்று பெயிண்ட் அடித்து, மேலே ஒரு கோட்டிங் வார்னிஷும் போட்டிருப்பார்கள். யாரோ ஒருவரின் இனிஷியல் வேறு. அந்த பெயிண்ட்டின் தடிமனையும் சேர்த்துத்தான் காலிப்பர் அளக்கும். ஒரு மி.மீ.-யில் ஆண் பெண்ணாகிற விளையாட்டில் வார்னிஷ் சும்மா இருக்குமா?

நீளத்துக்கு ஆஸ்டியோமெட்ரிக் போர்டு. ஒரு பக்கம் அசையாத சுவர், மறுபக்கம் தள்ளும் கட்டை. இது எளிது. எலும்பை மேலும் கீழும் கொஞ்சம் ஆட்டி, அதிகபட்சம் வரும் இடத்தில் படித்துக்கொள்ளலாம். அதனால்தான் உலகம் முழுக்க எல்லோரும் முதலில் நீளத்தை எழுதுகிறார்கள். எளிதாக வருவதும் பயன்படுவதும் ஒன்றாக அமைவதில்லை.

ஜூலை 8, பிற்பகல் 1.40

போன் செட் என்றதும் பாதிப் பேர் கேள்வியை மறந்து தங்கள் ஹாஸ்டல் கதைக்குப் போய்விட்டீர்கள். தலையணைக்கடியில் மண்டையோடு வைத்துத் தூங்கியவர், ரயிலில் பையைத் திறந்த டி.டி.ஆர். அலறிய கதை எழுதியவர், இருவருக்கும் வணக்கம்.

அதில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: "கல்லூரிகளில் இவ்வளவு எலும்பு இருக்கிறதே, நம் ஊர் அளவுகளை நாமே கண்டுபிடித்திருக்கலாமே?"

அங்கேதான் முட்டுக்கட்டை. அந்த எலும்புகள் யாருடையவை என்று தெரியாது. ஆணா பெண்ணா என்று ஏற்கெனவே தெரிந்த எலும்பை அளந்தால்தான் கோடு போட முடியும். கல்லூரி அலமாரியில் இருப்பதில் பெரும்பகுதிக்குப் பால், வயது, ஊர் எதுவும் எழுதப்படவில்லை. நம் நாட்டு அனாட்டமிக் கட்டுரைகளில் "பால் தெரியாத இத்தனை உலர்ந்த எலும்புகள்" என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். பாவம், எழுதுகிறவர்களுக்கு வேறு வழியில்லை. இவ்வளவுக்கும் மருத்துவ எலும்புகளை உலகத்துக்கே ஏற்றுமதி செய்த நாடு நாம். 1985-ல் தடை வரும்வரை கல்கத்தா அதற்குப் பெரிய சந்தை.

அமெரிக்காவில் டெர்ரி தொகுப்பு, ஹாமன்–டாட் தொகுப்பு என்று பெயர், வயது, பால் எழுதிய எலும்புக்கூடுகளைச் சேர்த்து வைத்தார்கள். அந்த எலும்புகளும் பெரும்பாலும் கேட்பாரற்ற ஏழைகளுடையவைதான். உலகம் உபயோகிக்கும் பல கோடுகள் அங்கிருந்து வந்தவை. அந்த 43–47-ஐ அப்படியே கொண்டுவந்து நம் ஊர் எலும்பில் வைத்தால், நம் ஆண்களில் பலர் பெண் வரிசைக்குப் போய்விடுவார்கள். உருண்டை சிறியது, அவ்வளவுதான். போலீஸுக்கு எழுதும்போது நான் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுவேன். யார் படித்தார்கள் என்று தெரியாது.

இப்போது உயிரோடு இருப்பவர்களின் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் அளக்கிறார்கள். அங்கே ஆணா பெண்ணா என்ற சந்தேகமே இல்லை. வழி அதுதான்.

ஜூலை 8, இரவு 9.55

ஹூட்லெஸுக்குத் திரும்புவோம். உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம், அதாவது சுமார் 166 செ.மீ. என்று எழுதினார். "இயர்ஹார்ட் இதைவிட உயரம், ஆகவே ஹூட்லெஸ் சொன்னபடியே பார்த்தாலும் அது அவரல்ல" என்று ஒரு அன்பர் தீர்ப்பே எழுதிவிட்டார். பொறுங்கள்.

166 எலும்பில் எழுதியிருந்த எண் அல்ல. கார்ல் பியர்சன் 1899-ல் கொடுத்த சூத்திரத்தில் போட்டு எடுத்தது. கால்குலேட்டர் எடுங்கள். ஆணுக்கான பியர்சன் சூத்திரம்: ஹியூமரஸ் நீளத்தை 2.894-ஆல் பெருக்கி 70.641 கூட்டு. 32.4-க்கு 164.4 செ.மீ. வருகிறது. ரேடியஸுக்கு 3.271-ஆல் பெருக்கி 85.925 கூட்டினால் 166. ஹூட்லெஸின் கணக்கு சரி. பியர்சனுக்குக் கிடைத்த எலும்புகள் பிரான்சின் லியோன் நகரச் சடலங்கள், ஆண் 50, பெண் 50. பத்தொன்பதாம் நூற்றாண்டின் குட்டையான பிரெஞ்சுக்காரர்கள்.

அதே 32.4-ஐ ட்ராட்டரும் க்ளெசரும் 1952-ல் அமெரிக்கர்களுக்குக் கொடுத்த ஆண் சூத்திரத்தில் போடுங்கள்: 3.08-ஆல் பெருக்கி 70.45 கூட்டு, 170.2. பெண் சூத்திரத்தில்: 3.36-ஆல் பெருக்கி 57.97 கூட்டு, 166.8. ரேடியஸ் 24.5-ஐப் பெண் சூத்திரத்தில் போட்டால் 171. ஒரே ஆளின் இரண்டு கை எலும்புகள், அதற்குள் 164-லிருந்து 171 வரை போய்விட்டோம். ஒவ்வொன்றுக்கும் நாலு செ.மீ. கூட்டல் கழித்தல் வேறு உண்டு.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்கவே ஆணா பெண்ணா என்று முதலில் முடிவு செய்திருக்க வேண்டும். ஹூட்லெஸ் "ஆண்" என்று முடிவு செய்த பிறகுதான் உயரம் வந்தது. அந்த உயரத்தை வைத்து மறுபடி "ஆண்தான்" என்று வாதாடுவது சுற்றிச் சுற்றி வருவது.

ஜூலை 8, இரவு 10.10

டிபியாவை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதை எந்த நுனியிலிருந்து எந்த நுனி வரை அளந்தார் என்று ஹூட்லெஸ் எழுதவில்லை. கணுக்கால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முளையைச் சேர்ப்பதா விடுவதா என்பது அந்த எலும்பின் தீராத வழக்கு. ட்ராட்டரே அதில் ஒரு மாதிரி சொல்லி வேறு மாதிரி அளந்திருக்கிறார் என்று 1990-களில் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஜான்ட்ஸ். பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

ஜூலை 9, காலை 6.15

"அப்போ எதை வைத்து ஆண் என்றார்?"

மூன்று காரணம் எழுதியிருக்கிறார். இடுப்பின் வலது பாதியில் முன்பக்கக் கோணம், தொடை எலும்புகள் பொருந்தியிருக்கும் விதம், நீள எலும்புகளின் சுற்றளவுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம். இவற்றால் ஆண் என்று உறுதியாகச் சொல்லலாம் என்கிறார். "உறுதியாக" என்ற அந்தச் சொல்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

முதல் காரணம் வலுவானது. இடுப்பெலும்பு கையில் இருந்தால் நானும் கை எலும்பைத் தொடவே மாட்டேன். பிரசவத்துக்காக வடிவமே மாறும் எலும்பு அது. இரண்டாவதை விட்டுவிடலாம். மூன்றாவதில்தான் நம் கை எலும்புகள் வருகின்றன, எனக்கு மிகவும் சந்தேகமானதும் அதுதான்.

தண்டு தடித்திருந்தால் ஆண் என்பது, உழைத்தால் எலும்பு தடிக்கும் என்பதை மறந்த வாதம். எங்கள் பாட்டிக்கு ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும்தான் உடற்பயிற்சி. அவர் மேற்கையைப் பார்த்துப் பால் சொல்லச் சொன்னால் கல்லூரி மாணவர்கள் தடுமாறியிருப்பார்கள். இது என் குடும்பப் பெருமை மட்டுமல்ல, ஆய்வும் இருக்கிறது. 2017-ல் கேம்பிரிட்ஜில் அலிசன் மெக்கின்டாஷ் குழுவினர் மத்திய ஐரோப்பாவின் பழங்காலப் பெண்களின் மேற்கை எலும்புகளை, இன்றைய பல்கலைக்கழகப் படகுப் போட்டி வீராங்கனைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். ஏழாயிரம் வருஷத்துக்கு முந்தைய விவசாயப் பெண்களின் கை எலும்பு, உடல் அளவுக்குப் பார்த்தால், துடுப்பு போடும் பெண்களுடையதைவிட 11 முதல் 16 சதவீதம் வலுவாக இருந்தது. காரணமாக அவர்கள் சொல்வது மண் வேலையும் கல்லில் தானியம் அரைத்ததும்.

ஜூலை 9, காலை 8.30

விமானம் ஓட்டினாலும் கை தடிக்கும் என்று எழுதியவருக்கு: கொஞ்சம் தடிக்கலாம். ஆட்டுக்கல் அளவுக்கு வராது. என் பாட்டியை இயர்ஹார்ட்டோடு போட்டிக்கு இழுக்காதீர்கள், பாட்டிதான் ஜெயிப்பார்.

ஜூலை 9, இரவு 10.45

இப்போது அந்த 99.

டென்னசி பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான்ட்ஸ் 2018-ல் கட்டுரை எழுதினார். எலும்பு அளவிலிருந்து பாலும் பூர்வீகமும் கணிக்க உலகம் முழுக்க உபயோகிக்கும் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். சாதாரண ஆளில்லை. ஹூட்லெஸின் மூன்று நீளங்களை எடுத்துக்கொண்டார். இயர்ஹார்ட்டின் எலும்பு நீளங்களுக்கு எங்கே போவது? மேற்கையும் முன்கையும் தெரியும் ஒரு பழைய புகைப்படத்தில், அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்து நீளங்களைக் கணித்தார்கள். காலுக்கு, பர்டியூ பல்கலைக்கழகத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் அவருடைய பேன்ட்டை அளந்தார்கள். அப்புறம் 2,700-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகள் அடங்கிய தொகுப்பில் ஒவ்வொருவரும் தீவு எலும்புகளுக்கு எவ்வளவு அருகில் என்று பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் 99 சதவீதம் பேரைவிட இயர்ஹார்ட் அருகில் இருந்தார்.

இதற்கு அர்த்தம் "இது அவர்தான் என்பதற்கு 99 சதவீத வாய்ப்பு" என்பதா? இல்லை. என் அளவில் தைத்த சட்டை ஒன்று ரயிலில் கிடந்தால், அந்தப் பெட்டியில் இருக்கும் நூறு பேரில் எனக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று சொல்வது மாதிரி. சட்டை என்னுடையதாக இருக்கலாம். நான் அந்த ரயிலில் ஏறியிருந்தால்.

இயர்ஹார்ட் அந்தத் தீவுக்குப் போனார் என்பதற்கு வேறு சான்று வேண்டும். ஜான்ட்ஸும் செருப்பு, செக்ஸ்டன்ட் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாதிடுகிறார். வீடியோக்காரர்கள் 99-ஐ மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 10, காலை 7.20

ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். இதில் எனக்கு மிகவும் சுவையான எண் 75.6.

ரேடியஸ் நீளத்தை ஹியூமரஸ் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. 24.5-ஐ 32.4-ஆல் வகுத்துப் பாருங்கள். மேற்கையோடு ஒப்பிட்டால் முன்கை எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும் எண் அது. இயர்ஹார்ட் காலத்து அமெரிக்க வெள்ளைப் பெண்களுக்கு சராசரி 73 பக்கத்தில். புகைப்படத்தை அளந்தவர்களுக்கு இயர்ஹார்ட்டின் எண் 76 பக்கத்தில் வந்தது. "பார்த்தீர்களா, இருவருக்குமே முன்கை நீளம்" என்று கொண்டாடினார்கள்.

சரி. ஆனால் இந்த விகிதம் பொதுவாக ஆண்களுக்குத்தான் பெண்களைவிடக் கூடுதல். அப்படியானால் 75.6 என்பது அரிதான ஒரு பெண்ணாகவும் இருக்கலாம், சர்வசாதாரணமான ஓர் ஆணாகவும் இருக்கலாம். பெண்தான் என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் மட்டும் அந்த ஒற்றுமை பிரமாதமாகத் தெரியும். சட்டை போட்ட தோளுக்குள் எலும்பு எங்கே தொடங்குகிறது என்று புகைப்படத்தில் புள்ளி வைப்பதில் அரை செ.மீ. தவறினாலே 76, 75 ஆகிவிடும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 10, காலை 7.24

மீதி எலும்புகள் எங்கே என்று கேட்டவருக்கு: அந்தத் தீவில் தேங்காய் நண்டு உண்டு. தேங்காயையே உடைக்கும். மேற்கொண்டு விளக்க விரும்பவில்லை, காலைச் சாப்பாட்டு நேரம்.

ஜூலை 11, இரவு 9.30

முழங்கைக்கு மேலே எலும்பில் ஓட்டை இருந்தால் பெண் என்று எங்கள் சார் சொன்னாரே என்று ஒரு முன்னாள் மாணவர். எல்லா சாரும் சொல்வதுதான்.

ஹியூமரஸின் கீழ்முனையில், கையை நீட்டும்போது அல்னாவின் கொக்கி போய் உட்காரும் குழி ஒன்று உண்டு. சிலருக்கு அந்தக் குழியின் அடித்தகடு கரைந்து ஓட்டையாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரியும். பெண்களுக்குக் கூடுதல், இடது கையில் கூடுதல், இரண்டும் உண்மை. ஆனால் நம் ஊர் எலும்புகளில் சுமார் நாலில் ஒன்றில் பார்க்கலாம். அதில் ஆண்களும் தாராளமாக உண்டு. ஓட்டை இருந்தால் பேனாவில் எழுதாதீர்கள், பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே கீழ்முனையில் வேறு நாலு அடையாளங்களை ட்ரேசி ராஜர்ஸ் 1999-ல் எழுதினார். அந்தக் குழியின் வடிவம், உள்பக்கப் புடைப்பு மேசையில் வைத்தால் எவ்வளவு தூக்கி நிற்கிறது, கப்பி போன்ற பகுதி நடுவில் எவ்வளவு ஒடுங்குகிறது, அதன் இரு பக்கமும் சமமா. நாலையும் சேர்த்தால் 92 சதவீதம் சரியாக வந்ததாகச் சொன்னார். எனக்கு அந்த இரண்டாவது அடையாளம் பிடிக்கும். எலும்பைக் குப்புற மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். புடைப்பு மேசையை விட்டு மேலே எழுந்து நின்றால் பெண் பக்கம், மேசையோடு படுத்திருந்தால் ஆண் பக்கம். காலிப்பரே வேண்டாம். மாணவர்கள் வரிசையாக மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கண்கொள்ளாது.

ஜூலை 11, இரவு 10.05

பாடப்புத்தகத்தில் இன்னும் "முழு எலும்புக்கூடு 100, இடுப்பு 95, மண்டை 90, நீள எலும்பு 80" என்ற பட்டியல்தான் ஓடுகிறது. பரீட்சைக்கு அதையே எழுதுங்கள். ஆனால் ஸ்ப்ராட்லியும் நம் ஜான்ட்ஸும் 2011-ல் அமெரிக்க எலும்புகளில் பார்த்தபோது, மண்டையோட்டைவிடக் கை கால் எலும்புகளின் அளவுகள் நன்றாகப் பால் பிரித்தன. பல அளவுகளைச் சேர்த்தால் ஹியூமரஸ், ரேடியஸ் போன்றவை 90 சதவீதத்தைத் தாண்டுகின்றன. மண்டையோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு "ஆண்" என்று சொல்லும் சினிமா டாக்டர்கள் இனி மேற்கையைத் தூக்கலாம்.

ஜூலை 12, பிற்பகல் 3.10

"ஹூட்லெஸ் ஆணாதிக்கத்தால்தான் ஆண் என்று எழுதினார்" என்று ஒரு நீண்ட பதில். தனி மனிதர் மேல் போடுவதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தச் சாய்வு உலகத்தில் இருந்தது என்பது மெய். கென்னத் வைஸ் 1972-ல் அகழாய்வு எலும்புகளின் பட்டியல்களைப் புரட்டிவிட்டு, சந்தேகமானவற்றை ஆண் பக்கம் தள்ளும் பழக்கத்தால் ஆண்கள் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதலாகக் கணக்காகியிருக்கிறார்கள் என்றார். சுவீடனின் பிர்க்காவில் 1878-ல் தோண்டிய ஒரு கல்லறையில் வாள், அம்பு, இரண்டு குதிரைகள் இருந்தன. வீரன் என்று எழுதிவைத்தார்கள். எலும்பைப் பார்த்தவர்கள் இது பெண் என்று சொன்னபோதும் யாரும் காது கொடுக்கவில்லை. 2017-ல் டி.என்.ஏ. வந்த பிறகுதான் வாயடைத்தார்கள்.

அங்கே எலும்பு மிச்சம் இருந்தது. நிக்குமரோரோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஜூலை 13, இரவு 11.15

"கடைசியில் நீங்கள் எந்தப் பக்கம்?"

இரண்டு விஷயம் தராசில் வைக்கிறேன். எலும்புகள் சுவாவுக்குப் போகும் வழியில் தாராவாவில் ஐசக் என்ற டாக்டரும் பார்த்தார். வயதான பாலினேசிய ஆண், இருபது வருஷமோ அதற்கு மேலோ ஆன எலும்பு என்றார். ஹூட்லெஸ் 45–55 வயது, குட்டையான, கட்டுமஸ்தான ஐரோப்பியர் அல்லது கலப்பு என்றார். இனத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை, பாலில் ஒத்துப்போனார்கள். இடுப்பெலும்பு கையில் இருந்த இரண்டு பேர். அது எனக்குப் பெரிய விஷயம். 2015-ல் க்ராஸ், ரைட் என்ற ஆய்வாளர்கள் ஹூட்லெஸ் விவரம் தெரிந்தவர்தான் என்று வாதாடியபோது நான் அவர்கள் பக்கம் தலையாட்டினேன். அதே தீவின் பாறையில் 1929-ல் மோதி உடைந்த நார்விச் சிட்டி கப்பலில் 11 பேர் இறந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இயர்ஹார்ட்டோடு கூடவே பறந்த வழிகாட்டி ஃப்ரெட் நூனன் ஆறடி ஆள், இந்தக் கைகள் அவருடையவை அல்ல.

மறு தட்டில்: ஹூட்லெஸ் அளந்து எழுதிய மூன்றும் நீளம். ஹியூமரஸ் உருண்டையின் விட்டம் இல்லை. முழங்கை அகலம் இல்லை. ரேடியஸ் தலை இல்லை. விகிதம் பார்த்தேன் என்கிறாரே, அந்தச் சுற்றளவு எண்களையாவது தந்தாரா என்றால் அதுவும் இல்லை. கையில் காலிப்பரோடு உட்கார்ந்திருந்த அந்த ஒரு மத்தியானத்தில் இன்னொரு வரி எழுதியிருந்தால், எண்பது வருஷம் கழித்து பேன்ட்டை அளக்க வேண்டி வந்திருக்காது. குறை சொல்லவில்லை. மேற்கொண்டு விவரம் வேண்டுமென்றால் சிட்னி பல்கலைக்கழக மானுடவியல் துறைக்கு அனுப்புங்கள் என்று அவரே அறிக்கையில் எழுதியிருக்கிறார். போர்க்காலம். யாரும் அனுப்பவில்லை.

ஆக, இரண்டு கை எலும்புகளின் நீளத்தை மட்டும் கொடுத்து என்னைக் கேட்டால், ஃபாரத்தில் "பால்: கூற இயலவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இடுப்பைப் பார்த்த இருவரின் வார்த்தையையும் சேர்த்தால் ஆண் பக்கம் லேசாகச் சாய்வேன். ஜான்ட்ஸ் என்னைவிட நூறு மடங்கு எலும்பு பார்த்தவர், அவர் எதிர்ப்பக்கம் சாய்கிறார். இருக்கட்டும்.

ஜூலை 14, காலை 6.40

பி.ஜி. முதல் வருஷத் தம்பி ஒருவர், கேஸ் ஒன்றில் ஒரே ஒரு ஹியூமரஸ்தான் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் வலதா இடதா என்று எழுது. மேல்முனை வளர்ச்சித்தட்டு முழுசாக மூடியிருக்கிறதா பார். மூடவில்லை என்றால் பால் பக்கம் போகாதே. உருண்டையின் செங்குத்து விட்டம், கீழ்முனை அகலம், தண்டின் நடுச் சுற்றளவு, அப்புறம் நீளம். ஒவ்வொன்றையும் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தாய் என்று பக்கத்திலேயே எழுது. விளிம்பு உடைந்திருந்தால் உடைந்தது என்று எழுது, குத்துமதிப்பாக நிரப்பாதே. உன் துறையில் இன்னொருவரைக் கூப்பிட்டு, உன் எண்களைக் காட்டாமல் அவரையும் அளக்கச் சொல். இரண்டையும் போடு. எந்த ஊர் மக்களின் கோட்டோடு ஒப்பிட்டாய் என்பதையும் போடு. டி.என்.ஏ.-வுக்குத் துண்டு வெட்டி எடுப்பதற்கு முன்னாலேயே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் போட்டோவும் எடுத்துவிடு.